வண்டித் தண்ணீர்

பிப்ரவரி 3

அம்மாவுக்கு,

இங்கு நலம். நீங்களும் பாப்பாவும் நலமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். போன் செய்தால் என் குரலைக் கேட்டதும் வைத்துவிடுகிறீர்கள். அதனால் எழுதுகிறேன். கிழித்துப் போடுவதாக இருந்தாலும் கடைசி வரி வரை படித்துவிட்டுக் கிழியுங்கள்.

எனக்கு ஓர் உதவி வேண்டும். நீங்கள் வேலை செய்யும் மீன் பண்ணைக்குப் பின்னால், செங்கல் சூளைக்கு மண் எடுத்த குழி இருக்கிறது அல்லவா, அதிலிருந்து தெள்ளு, அந்தத் தண்ணீர்ப் பூச்சி, வேண்டும். பண்ணைத் தொட்டியில் மீன்குஞ்சுக்குத் தீனியாக நீங்கள் வளர்க்கும் தெள்ளு வேண்டாம். குழித் தெள்ளுதான் வேண்டும்.

நான்கு வருடம் முன்பு பாப்பாவை உங்களிடம் விட்டுவிட்டு இங்கே ஆராய்ச்சிக்கூடத்துக்கு வந்தபோது அதைத்தான் ஒரு பாட்டிலில் எடுத்து வந்தேன். அந்தக் குழியில் மீனே இருந்ததில்லை. அதனால் அங்கே உள்ள தெள்ளு பயமில்லாமல் வெளிச்சத்துக்கு வரும், மேலேயே மிதக்கும். மீன் உள்ள குளத்துத் தெள்ளு இருட்டைத் தேடி அடியில் போகும். இது பிறவியிலேயே வருவதா, இருக்கும் தண்ணீர் கற்றுக் கொடுப்பதா என்பதுதான் என் ஆராய்ச்சி.

போன வாரம் ஞாயிற்றுக்கிழமை இங்கே குளிரூட்டும் இயந்திரம் நின்றுவிட்டது. திங்கட்கிழமை காலை கதவைத் திறந்தால் அறை கொதிக்கிறது. அறுபத்து நான்கு ஜாடி. அறுபத்து நான்கிலும் தெள்ளு வெள்ளை வெள்ளையாக அடியில் படிந்து கிடந்தது. மற்ற குளத்து வம்சங்களை வேறு இடங்களில் கேட்டு வாங்கலாம். குழித் தெள்ளு உலகத்தில் இரண்டே இடத்தில் இருந்தது. ஒன்று என் ஜாடி, இன்னொன்று அந்தக் குழி.

ஏப்ரல் பத்தாம் தேதி தேர்வுக்குழு வருகிறது. அதற்குள் கடைசிச் சோதனையை முடித்தால் வேலை நிரந்தரம், குடியிருப்பில் இரண்டு அறை வீடு. முடிக்காவிட்டால் மே மாதத்தோடு வெளியே. வீடு கிடைத்தால் பாப்பாவை அழைத்துக்கொள்வேன். இதை மறைத்துவிட்டு உங்களிடம் உதவி கேட்க எனக்கு மனம் வரவில்லை.

இப்படிக்கு,
உங்கள் மகள்


பிப்ரவரி 9

மகளுக்கு,

கடிதம் கிடைத்தது. கிழிக்கவில்லை. என்னடி இது புதுசாக நீங்கள் நாங்கள் என்று. ஆபீசுக்கு மனுப் போடுகிற மாதிரி இருக்கிறது. இரண்டு வருசம் முன்னால் வாசலில் நின்றுகொண்டு என்னை வாடி போடி என்று மட்டும்தான் சொல்லவில்லை, மீதி எல்லாம் சொன்னாய். அந்த வாயா இது?

பெற்ற பிள்ளையை விட்டுவிட்டு பூச்சியைப் பாட்டிலில் எடுத்துக்கொண்டு போனவள் நீ. அதை நீயே உன் கையால் எழுதியிருக்கிறாய். நானாக இதைச் சொல்லிக் காட்டவில்லை.

கொசுறு நன்றாக இருக்கிறாள். பாப்பா என்று கூப்பிட்டால் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று திரும்பிப் பார்க்கிறாள். கொசுறு என்றால்தான் வருகிறாள். இரண்டாம் வகுப்பில் வாசிப்பில் முதல். டீச்சரே கூப்பிட்டு, "பாட்டி, யார் சொல்லிக் குடுக்கறீங்க வீட்டுல?" என்று கேட்டார். "நான்தான், அஞ்சாவது வரைக்கும் என்னை யாரும் ஜெயிச்சதில்ல" என்று சொன்னேன். அதற்கு மேல் என்னைப் படிக்க விட்டிருந்தால் உன் ஆராய்ச்சிக்கூடத்தை நான் நடத்தியிருப்பேன்.

அவளை அழைத்துக்கொள்வதைப் பற்றி எழுதியிருக்கிறாய். போன தடவை நீ வந்தபோது கட்டிலுக்கு அடியில் போனவள் நீ பஸ் ஏறின பிறகுதான் வெளியே வந்தாள். மறந்துவிட்டதா? அது அவள் தாத்தாவின் சுபாவம். உன் அப்பா, யாராவது வீட்டுக்கு வந்தால் மொட்டை மாடிக்குப் போய்த் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்துகொள்வார். வந்தவர்கள் போய்விட்டார்களா என்று பார்க்க என்னைத்தான் கூப்பிடுவார். பிறவிக் குணம், உன்னாலும் மாற்ற முடியாது, என்னாலும் மாற்ற முடியாது.

தெள்ளு அனுப்புகிறேன். எனக்கும் உனக்கும் ஆயிரம் இருக்கும், அதற்காக வேலையைக் கெடுக்கிறவள் இல்லை நான். பதினாறாம் தேதி மீன்குஞ்சு வண்டி உங்கள் ஊர்ப் பக்கம் வருகிறது. வண்டிக்காரரிடம் கேனைக் கொடுத்துவிடுகிறேன். இன்னொன்றும் தெரிந்துகொள். முதலாளி அந்தக் குழியைப் பண்ணையோடு சேர்க்கிறார். அடுத்த மாதம் மூன்றாவது வாரத்தில் கெண்டைக் குஞ்சு விடப் போகிறார்களாம். விட்டுவிட்டால் உன் தெள்ளு ஒரு வாரத்தில் காலி.

அம்மா


பிப்ரவரி 21

அம்மாவுக்கு,

கேன் வந்தது. உடனே பிரித்தேன். எல்லாம் உயிரோடு இருந்தன. உங்களுக்கு நன்றி எழுத வேண்டும் என்று காகிதம் எடுத்து வைத்துவிட்டுத்தான் சோதனைக்குப் போனேன்.

என் உயரத்துக்குப் பாதி இருக்கும் ஒரு கண்ணாடிக் குழாய். மேலே விளக்கு. பத்துத் தெள்ளை உள்ளே விட்டுப் பத்து நிமிடம் காத்திருந்து, மேலே எத்தனை, நடுவில் எத்தனை, அடியில் எத்தனை என்று எண்ண வேண்டும். குழித் தெள்ளு என்றால் குறைந்தது எட்டு மேலே இருக்கும். நான்கு வருடமாக அப்படித்தான்.

எட்டு அடியில் கிடந்தன. ஒன்றுகூட மேலே வரவில்லை. ஏழு முறை மாற்றி மாற்றி விட்டேன். என் பின்னால் துறைத் தலைவர் நின்றுகொண்டிருந்தார். "இது நீங்க சொன்ன குழித் தெள்ளா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டுவிட்டுப் போய்விட்டார். மூன்றாம் நாள் எல்லாம் செத்துவிட்டன. மறுபடி சோதிக்கக்கூட ஒன்றும் மிச்சம் இல்லை.

பண்ணைத் தொட்டித் தெள்ளைக் குழித் தெள்ளு என்று சொல்லி அனுப்பியிருக்கிறீர்கள். ஏன் என்று எனக்குத் தெரியும். என் வேலை போனால் வீடு இல்லை, வீடு இல்லையென்றால் பாப்பா அங்கேயே இருப்பாள். உண்மையை முதல் கடிதத்திலேயே எழுதினேன், அதுதான் என் தப்பு.

மகள்


பிப்ரவரி 26

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன்.

முப்பத்தோரு வருசமாகத் தெள்ளு வளர்க்கிறேன். கையில் அள்ளினால் எது எந்தத் தொட்டி என்று நிறத்தை வைத்துச் சொல்வேன். நீ பிறந்த பத்தாம் நாள் உன்னைத் துணியில் சுற்றிக் காற்றுப் பம்புக்குப் பக்கத்தில் போட்டுவிட்டு வலை பிடித்தவள் நான். அந்தச் சத்தம் இல்லாமல் நீ தூங்க மாட்டாய். நான் மாற்றி அனுப்பினேனாம்.

அந்தக் குழியில் இறங்கி முழங்கால் சேற்றில் நின்று, தேநீர் வடிகட்டியால் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தேன். என் கூட இருந்தவள் கொசுறு. அவளைக் கேள். ஆனால் உன்னால் அவளைக் கேட்க முடியாது, இல்லையா?

முதலாளி பெண் கல்யாணத்துக்குச் சம்பந்தி வீட்டுக்கு அலங்கார மீன் அனுப்பினபோது எப்படிக் கட்டினேனோ அப்படிக் கட்டினேன் உன் கேனை. அதில் ஒரு குஞ்சு சாகவில்லை. உன் கூடத்தில் மூன்று நாளில் சாகிறது என்றால் குறை எங்கே இருக்கிறது என்று நீயே பார்த்துக்கொள்.

நான் திருடி இல்லை. இனி எனக்கு எழுதாதே.


மார்ச் 5

அம்மா,

எழுதாதே என்றாய். எழுதுகிறேன். நீங்கள் என்று எழுத வரவில்லை, பழையபடி நீ என்றே எழுதுகிறேன்.

உன் கடிதம் வந்த அன்று வேலையில் எதுவும் ஓடவில்லை. காற்றுப் பம்பு என்று எழுதியிருந்தாய். இங்கேயும் ஒரு பம்பு இருக்கிறது. அதற்குப் பக்கத்து மேசையை நான்தான் கேட்டு வாங்கினேன், ஏன் என்று இதுவரை யோசித்ததில்லை. நீ மாற்றி அனுப்பியிருக்க மாட்டாய். கோபத்தில் எழுதிவிட்டேன். மன்னித்துவிடு.

அப்படியென்றால் அவை ஏன் அடியில் போயின? ஒன்றுதான் தோன்றுகிறது. தெள்ளு ஆண் துணை இல்லாமலே குட்டி போடும். தாயும் மகளும் பேத்தியும் அச்சு அசல் ஒன்று, ரத்தத்தில் ஒரு மாற்றமும் இருக்காது. அப்படி ஒரே ரத்தமாக இருந்தாலும், மீன் இருந்த தண்ணீரில் விட்டால் சில வம்சம் மாறிவிடும். மீனைக் கண்ணால் பார்க்க வேண்டியதில்லை. மீன் நீந்தின தண்ணீர் கொஞ்சம் கலந்தாலே போதும். வெளிச்சத்துக்குப் பிறந்தது, பார்த்தே இராத மீனுக்குப் பயந்து அடியில் போய்ப் பதுங்கிவிடும். தண்ணீரைச் சுத்தமாக மாற்றினால் ஒன்றிரண்டு நாளில் மேலே வரும். அப்படி மேலே வந்தால் அது பிறவி இல்லை. வராவிட்டால் பிறவி. கேனில் இருந்தவை மூன்று நாள்கூட இருக்கவில்லை, அதனால் எதுவும் சொல்ல முடியவில்லை. வந்த தண்ணீரிலேயே வைத்துச் சோதித்தது என் அவசரம், அது கெட்டுத்தான் செத்திருக்க வேண்டும்.

அந்தக் கேனில் மீன் எதுவும் பட்டதா என்று மட்டும் யோசித்துப் பார்.

இன்னொரு கேன் அனுப்பு அம்மா. மார்ச் கடைசிக்குள் வந்தால்கூடப் போதும். குழியில் மீன் விடுவதற்கு முன்னால் எடுத்துவிடு. நானே வருவேன். ஆனால் போன தடவை வந்தபோது, இனி என் வாசல்படி மிதிக்காதே என்று நீ சொல்லிவிட்டாய். நீ வா என்று ஒரு வார்த்தை எழுதினால் அன்றைக்கே பஸ் ஏறுகிறேன்.

போன தடவை நடந்ததில் உனக்குத் தெரியாதது ஒன்று உண்டு. கட்டிலுக்கு அடியில் கையை நீட்டினேன். கடித்தாள். கட்டை விரலுக்குக் கீழே நான்கு புள்ளி இன்னும் இருக்கிறது. அவள் வேண்டுமென்று கடிக்கவில்லை, பயந்து கடித்தாள். நான் அவளை என்ன செய்துவிடுவேன் என்று பயந்தாள், அதுதான் எனக்குப் புரியவில்லை.

மகள்


மார்ச் 12

மகளுக்கு,

கடிதம் வந்தது. குழி வற்றிப் போய்விட்டது. வெயில் அப்படி. சேறுதான் இருக்கிறது. தெள்ளு இல்லை.

கொசுறுக்கு மூன்று நாளாகக் காய்ச்சல். இப்போது வர வேண்டாம். பிறகு பார்க்கலாம்.

பண்ணையில் வேலை தலைக்கு மேல் இருக்கிறது. அதிகம் எழுத நேரமில்லை.

அம்மா


மார்ச் 18

அம்மா,

குழி வற்றிவிட்டது என்றால் முடிந்தது. துறைத் தலைவரிடம் சொல்லிவிட்டேன். அவர் நல்லவர்தான், "வேற ஏதாவது குளத்துல கிடைக்காதா?" என்று கேட்டார். கிடைக்காது என்றேன். என் மேசைக்கு ஆள் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். அறையை மே மாதம் காலி செய்ய வேண்டும். இந்த வாரம் ஒரு நாளும் சரியாகச் சாப்பிடவில்லை. காலி ஜாடிகளை எடுத்துக் கழுவுகிறேன், துடைக்கிறேன், திரும்ப அதே இடத்தில் வைக்கிறேன். கூட வேலை செய்கிற ஒருத்தி வந்து என் கையிலிருந்து துணியைப் பிடுங்கினாள்.

பாப்பாவைப் பற்றி யோசித்தேன். அவள் உன்னோடே இருக்கட்டும். எனக்கு வேலை இல்லை, வீடு இல்லை. இருந்தாலும் அவள் என்னிடம் வர மாட்டாள். பிறவிக் குணம் என்று நீ சொன்னது சரியாகத்தான் இருக்கும். நான்கு வருடம் இதையே சோதித்தவளுக்கு ஒப்புக்கொள்ளக் கஷ்டமாக இருக்கிறது, அவ்வளவுதான். இனி வந்து தொந்தரவு செய்ய மாட்டேன்.

காய்ச்சல் விட்டதா என்று மட்டும் எழுது.

மகள்


மார்ச் 24

மகளே,

அவளுக்குக் காய்ச்சல் இல்லை. குழியும் வற்றவில்லை. இரண்டும் பொய்.

உட்கார்ந்து படி. நான் நின்றுகொண்டுதான் எழுதுகிறேன், உட்கார்ந்தால் எழுதாமல் விட்டுவிடுவேன்.

உன் மார்ச் ஐந்தாம் தேதிக் கடிதத்தைப் படித்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. தூரமாகக் குஞ்சு அனுப்பினால் குளத்துத் தண்ணீரில் அனுப்ப மாட்டோம். தாய்மீன் தொட்டித் தண்ணீரைத்தான் ஊற்றுவோம். நாள் பூராவும் காற்றடித்துப் பழகிய தண்ணீர், வழியில் குஞ்சு துவளாது. அதற்கு இங்கே வண்டித் தண்ணீர் என்றே பெயர். உனக்கு அனுப்புகிறோமே, குறை வைக்கக்கூடாது என்று நினைத்து, குழித் தண்ணீரைப் பாதிக் கேன் கொட்டிவிட்டு வண்டித் தண்ணீரை ஊற்றினேன். இருநூறு கெண்டை நீந்துகிற தண்ணீர். வேண்டுமென்று செய்யவில்லை. சத்தியமாக வேண்டுமென்று செய்யவில்லை. பெருமையில் செய்தேன்.

ஆனால் அதற்குப் பிறகு பதினைந்து நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேனே, அது வேண்டுமென்று செய்தது. குழியில் தெள்ளு சிவப்பாகக் கொப்பளித்துக்கொண்டிருந்தது. தினமும் அந்த வழியாகத்தான் வேலைக்குப் போனேன். ஒரு கேன் நிரப்பக் கால் மணி நேரம் ஆகாது. நிரப்பினால் உனக்கு வீடு வரும், கொசுறு போய்விடுவாள். அந்தப் பக்கம் பார்க்காமல் நடந்தேன். இருபத்தொன்றாம் தேதி குழியில் குஞ்சு விட்டார்கள். வலை பிடித்து விட்டவர்களில் நானும் ஒருத்தி. இன்றைக்குப் போய்ப் பார்த்தேன், தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கிறது. ஒன்றுமில்லை.

முந்தாநாள் உன் கடிதம் வந்தது. கேட்டது கிடைத்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். கொசுறு என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டாள். அவளை வாசிப்பில் முதலாக வளர்த்தது நான்தானே.

"அப்போ அம்மா என்னப் பிடிக்க வரமாட்டாங்களா?" என்றாள்.

"வரமாட்டா" என்றேன்.

சந்தோஷப்படுவாள் என்று பார்த்தேன். சட்டை நுனியை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டு நின்றாள். "நான் கடிச்சதாலயா?" என்றாள்.

ஏன் கடித்தாய் என்று முதல் தடவையாகக் கேட்டேன். அவள் என்னை விநோதமாகப் பார்த்தாள். "நீதான சொன்ன, அம்மா வந்தா சாக்குல போட்டுத் தூக்கிட்டுப் போயிடுவாங்கன்னு. அவங்க கையில பை வெச்சிருந்தாங்க" என்றாள்.

நீ அவளுக்குத் துணி எடுத்து வந்த பை.

சொன்னேன். ஆமாம். சாப்பிட அடம் பிடித்தால் சொன்னேன், தூங்காவிட்டால் சொன்னேன், ஜன்னல் கம்பியில் ஏறினால் சொன்னேன். அம்மாவிடம் பிடித்துக் கொடுத்துவிடுவேன் என்பேன். உடனே அடங்குவாள். மற்ற வீட்டில் பூச்சாண்டி, இந்த வீட்டில் நீ. மூன்று வயதிலிருந்து அந்தத் தண்ணீரில்தான் அவள் வளர்ந்தாள். பிறகு உன்னைக் கண்டு கட்டிலுக்கு அடியில் போனபோது, உன் அப்பாவின் குணம் என்று அந்த மனுசன் தலையில் போட்டேன். செத்தவர் வந்து இல்லை என்று சொல்லப் போவதில்லை என்ற தைரியம்.

இப்போது நடந்ததைக் கேள். நான் அழுதுகொண்டிருந்தேன் போலிருக்கிறது. அவள் உள்ளே போய் ஜன்னலிலிருந்து ஜாம் பாட்டிலை எடுத்து வந்தாள். பச்சைத் தண்ணீர். நான் அதை வெறும் பாசி என்று நினைத்து இரண்டு தடவை கொட்டப் போயிருக்கிறேன், அழுது பிடுங்கிக்கொள்வாள். உனக்குக் கேன் நிரப்பின அன்றைக்கு எனக்குத் தெரியாமல் வடிகட்டியில் மிஞ்சினதைப் போட்டு வைத்திருக்கிறாள். தண்ணீர் குறைந்தால் மழைத்தண்ணீர்ப் பானையிலிருந்து ஒரு டம்ளர். மீன் தண்ணீர் ஒரு சொட்டு படவில்லை.

"இதுங்க எல்லாம் ஜன்னல் பக்கமே வந்து ஒட்டிக்குது பாட்டி. பாட்டிலைத் திருப்பி வெச்சாலும் திரும்பி வந்துடுது" என்றாள்.

எண்ணிப் பார்த்தேன். முப்பதுக்கு மேல் இருக்கும். குட்டிகள் தனி. எல்லாம் வெளிச்சத்தில்.

வியாழக்கிழமை குஞ்சு வண்டி வருகிறது. முன் சீட்டில் நானும் கொசுறும் உட்கார்ந்து வருகிறோம். பாட்டில் அவள் மடியில் இருக்கும், வேறு யாரையும் தொட விட மாட்டேன் என்கிறாள். வாசலில் நில். கையில் பை எதுவும் வைத்துக்கொள்ளாதே.

அம்மா


ஏப்ரல் 13

அம்மா,

வண்டியை விட்டு நீ இறங்கவே இல்லை. குஞ்சு செத்துவிடும், நிற்க முடியாது என்று வண்டிக்காரர் சொன்னார். நீ நேராகச் சாலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். அதனால் இதெல்லாம் கடிதத்தில்.

பாட்டிலில் நாற்பத்தொன்று இருந்தன. குழாயில் பத்து விட்டேன், பத்தும் மேலே. மீன் தண்ணீர் கலந்தேன், ஒரு மணி நேரத்தில் ஒன்பது அடியில். சுத்தத் தண்ணீருக்கு மாற்றினேன். ஒன்றரை நாளில் ஒவ்வொன்றாக மேலே வந்தன. குழித் தெள்ளு பிறவியில் வெளிச்சத்துக்கானது, பயத்தைத் தண்ணீரில்தான் கற்கிறது. குழு ஒப்புக்கொண்டது. வேலை நிரந்தரம். வீட்டுச் சாவி நேற்றுக் கொடுத்தார்கள்.

பாப்பா முதல் மூன்று நாள் மேசைக்கு அடியில் இருந்தாள். சாப்பாட்டை அங்கேயே வைத்தேன். நான் கிட்டே போகவில்லை, தரையில் உட்கார்ந்து எண்ணின கணக்கை எழுதிக்கொண்டிருந்தேன். நான்காம் நாள் பாட்டிலுக்குத் தண்ணீர் மாற்ற வேண்டும் என்று தானே வெளியே வந்தாள். என் கட்டை விரலைப் பிடித்துப் புள்ளிகளைப் பார்த்தாள். இப்போது வீட்டைச் சுற்றி ஓடுகிறாள். நேற்று ராத்திரி சாப்பிடாமல் ஒரே அடம், பாட்டியிடமே திருப்பி அனுப்பிவிடுவேன் என்றேன், கப்சிப் என்று சாப்பிட்டுவிட்டாள். பள்ளியில் இடம் கேட்டிருக்கிறேன்.

நீ எழுதினதற்கு நான் நன்றி சொல்ல வேண்டும், தெரிகிறது. ஆனால் அந்தப் பதினைந்து நாள் என் தொண்டையில் நிற்கிறது. அதைவிட, அந்தச் சாக்கு. நான்கு வருடம் என் குழந்தை என்னைப் பற்றி அப்படி நினைத்துக்கொண்டிருந்தாள். இப்போதைக்கு நீ வர வேண்டாம். என் கோபம் எப்போது இறங்கும் என்று எனக்கே தெரியவில்லை.

மகள்


ஏப்ரல் 19

மகளுக்கு,

கடிதம் கிடைத்தது. வேலை கிடைத்ததில் சந்தோஷம். முதலாளியிடம் சொன்னேன், வண்டிக்காரரிடம் சொன்னேன், டீச்சர் வீட்டுக்குப் போயும் சொல்லிவிட்டு வந்தேன். என் மகள் தெள்ளை வைத்துப் பெரிய ஆளாகிவிட்டாள் என்றேன். தெள்ளு யாருடையது என்றும் சேர்த்துச் சொன்னேன்.

வர வேண்டாம் என்று எழுதியிருக்கிறாய். சரி. நியாயம். அதற்கு நான் ஒன்றும் பேசப் போவதில்லை. வண்டியிலிருந்து இறங்காதது குஞ்சுக்காக இல்லை. இறங்கினால் அவள் என் சேலையைப் பிடித்துக்கொள்வாள். பிடித்தால் நான் விடமாட்டேன். என்னை எனக்குத் தெரியும்.

வீட்டில் சத்தமே இல்லை. நேற்றுக் கட்டிலுக்கு அடியில் பெருக்கினேன். ஒரு பென்சில், ஒற்றைச் செருப்பு, காய்ந்த ரொட்டித் துண்டு. அங்கேயே கொஞ்ச நேரம் படுத்துப் பார்த்தேன். அங்கேயிருந்து பார்த்தால் வாசலில் நிற்கிறவர்களின் காலும் கையில் இருக்கிற பையும் மட்டும்தான் தெரிகிறது. முகம் தெரியவில்லை.

உன் கடிதத்தின் நடுவில் ஒரு வரி எழுதியிருக்கிறாய். பாட்டியிடமே திருப்பி அனுப்பிவிடுவேன் என்றேன், கப்சிப் என்று சாப்பிட்டுவிட்டாள் என்று. நீ அதைப் பெரிதாக நினைக்காமல் எழுதிவிட்டுப் பள்ளிக்கூடப் பேச்சுக்குப் போய்விட்டாய். நான் அந்த இடத்தை விட்டு நகரவில்லை. முதல் தடவை நானும் பெரிதாக நினைக்கவில்லை. ஒரு வாய்ச் சாப்பாடு உள்ளே போனால் போதும் என்றுதான் சொன்னேன். உடனே பலித்தது. பலித்ததால் மறுநாளும் சொன்னேன்.

இந்தப் பேச்சு உனக்கு என் ரத்தத்தில் வந்ததா, என் வீட்டுத் தண்ணீரில் வந்ததா, நீயே ஒரு குழாயில் போட்டுப் பார்த்துக்கொள். எனக்குத் தெரியாது.

யாரிடமும் கெஞ்சிப் பழக்கமில்லை எனக்கு. உன் அப்பா போனபோதுகூட ஆஸ்பத்திரியில் யார் காலிலும் விழவில்லை. உன்னிடம் கெஞ்சுகிறேன். அவளை என்னிடம் அனுப்பாமல் இரு, ஒரு வருசம் ஆகட்டும், இரண்டு வருசம் ஆகட்டும். நான் செய்ததை அவளிடம் உள்ளபடி சொல்லு, அதற்குக்கூட நான் தடை சொல்லவில்லை. ஆனால் என்னைக் காட்டி அவளைச் சாப்பிட வைக்காதே. தூங்க வைக்காதே. எனக்கென்று இந்த வீட்டுக்கு இனி வேறு யாரும் வரப் போவதில்லை.

பாட்டில் தெள்ளில் ஐந்தாறு அனுப்பு. அதே ஜன்னலில் வைத்துக்கொள்கிறேன், உன் இயந்திரம் மறுபடி கெட்டுப்போனால் இங்கே இருக்கும். மழைத்தண்ணீரில் அனுப்பு.

என்றைக்காவது நீ வா என்று எழுதினால், வெறும் கையோடு வருவேன். நான் வந்து நிற்கும்போது அவள் மேசைக்கு அடியில் போனால், அது பிறவிக் குணம் என்று நான் சொல்ல மாட்டேன்.

அம்மா